விஞ்ஞானிக்குப் பதக்கம் சரி, விஞ்ஞானத்திற்கு என்ன?

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி சென்னைக் கோட்டையில் கொடி ஏற்றியவுடன் தமிழ்நாடு சர்க்காரார் சில பேர்களுக்கு விருது கொடுப்பது வழக்கமாக இருந்து வருகின்றது. அவற்றுள் ஒன்று அப்துல் கலாம் பேரால் 2015-ம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டதாகும். விஞ்ஞான வளர்ச்சிக்கும் மாணவர் முன்னேற்றத்திற்கும் பாடுபட்ட தமிழ்நாட்டார் ஒருவருக்கு 5 லட்ச ரூபாயும், எட்டு கிராம் தங்கத்தில் ஒரு பதக்கமும், ஒரு நற்சான்றுப் பத்திரமும் அதன் பேரால் கொடுக்கப்படுகின்றன. மறுநாள் பத்திரிகைகளில் படம் வருகின்றது. அத்துடன் அடுத்த ஆகஸ்டு வரையில் அதைப் பற்றிய பேச்சு நின்றுபோகின்றது.

இதைப் பற்றித் தென்னூர் உழவர் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நம் தோழர்கள் இருவருக்குள் ஒரு தர்க்கம் நடந்தது. ஒருவர் பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் பிட்டராயிருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் கல்லூரியில் படிக்கும் வாலிபர்.

"பட்டமும் பதக்கமும் நமக்கு எதுக்கு தம்பி? வெள்ளைக்காரன் ராவ் பகதூர் கொடுத்தான், இவன் தங்கக் காசு கொடுக்கிறான். வாங்கினவன் வாய் அதோட அடைஞ்சு போகும்" என்றார் பெரியவர்.

"அய்யா, ராவ் பகதூர் பட்டம் கலெக்டருக்கு டீ பார்ட்டி வைச்சவனுக்குக் கிடைச்சது. இந்தப் பதக்கம் ரயில்வே டெக்னீஷியன் மகனுக்குக் கிடைச்சிருக்கு. ரெண்டும் ஒண்ணாகுமா?" என்றார் வாலிபர்.

இருவரும் நம்மை அபிப்பிராயம் கேட்டார்கள். டீ ஆறிப்போகிற வரையில் சொல்லியும் முடியாததால் இங்கு எழுதுகின்றோம்.

முதலாவதாக, பெரியவர் சொன்னதில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொண்டு விடுகின்றோம். ஒரு சர்க்கார் ஒருவருக்குப் பட்டம் கொடுக்கின்றதென்றால், கொடுக்கப்பட்டவருடைய பெருமையைக் காட்டிலும் கொடுத்தவருடைய பெருமைதான் அதிகமாக விளம்பரமாகும் என்பது பழைய சங்கதி. ராஜாக்கள் புலவருக்குப் பொன்னாடை போர்த்தியதும், வெள்ளைக்காரர் ஜமீன்தாருக்கு சர் பட்டம் சூட்டியதும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். கல்லணை கட்டினவன் யார் என்று கேட்டால் கரிகாலன் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். ஆனால் ஆற்று மணலில் கல்லை இறக்கினால் அது எவ்வளவு ஆழம் புதையும், எங்கே நிற்கும் என்று கணக்குக் கண்ட அந்தக் கைக்காரன் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கின்றது? தென்னூர்ப் பக்கமாக ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு ஆயிரம் வருஷம் ஆகின்றது. அதற்கு வாட்டம் பார்த்து வெட்டினவன் பெயர் இந்த ஊரில் யாருக்காவது தெரியுமா? ராஜாவுக்குத்தான் பெயர் போயிற்று.

என்றாலும் வாலிபர் சொன்னதில் அதைவிட அதிக நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகின்றோம். ஏனென்றால் இந்த விருதுகளை வாங்கியவர்கள் யார் என்று பார்த்தோமானால், நமது நாட்டில் நூறு வருஷத்திற்கு முன் எவருக்குப் படிப்பே வராது என்று சாஸ்திரத்தின் பேராலும் புராணத்தின் பேராலும் சொல்லப்பட்டு வந்ததோ அந்தக் கூட்டத்தார் வீட்டுப் பிள்ளைகளாகவே பெரும்பாலும் இருக்கின்றார்கள்.

2015-ல் முதல் விருதை வாங்கியவர் தோழர் வளர்மதி. பழைய திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த அரியலூரில் பிறந்த பெண். 2012-ல் இந்நாட்டிலேயே செய்து ஏவப்பட்ட ரிசாட்-1 என்னும் ராடார் துணைக்கோளுக்கு அவர்தான் திட்ட இயக்குநர். மேகம் மூடினாலும் இருட்டானாலும் பூமியைப் பார்க்கக்கூடிய கண் அது.  2024-ல் வாங்கியவர் தோழர் வீரமுத்துவேல். விழுப்புரத்தில் ரயில்வே ஊழியர் மகனாய்ப் பிறந்து, ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கி, அப்புறம் எஞ்சினீயரிங் படித்து, நம் திருச்சி துவாக்குடியிலுள்ள எஞ்சினீயரிங் கல்லூரியில் மேல்படிப்பும் படித்து, சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியதற்குத் திட்ட இயக்குநராயிருந்தவர். 2025-ல் வாங்கிய தோழர் நாராயணன் கன்னியாகுமரி ஜில்லாவில் ஒரு குக்கிராமத்தில் தமிழில் படித்துத் தேறி, விண்வெளி ஸ்தாபனத்தின் தலைமைக்கே வந்தவர்.

தோழர்களே! இவர்களில் எவருடைய ஜாதகத்தில் இது எழுதியிருந்தது? எந்தக் கிரகம் எந்த வீட்டில் இருந்தபடியால் இவர்கள் கிரகத்திற்குக் கருவி அனுப்பும் வேலைக்குப் போனார்கள்? ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, சம்பளம் கட்டவேண்டாமென்றார்கள், மத்தியானம் சோறு போட்டார்கள், கல்லூரியில் நம் பிள்ளைகளுக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைத்தார்கள். இவை இல்லாதிருந்தால் விழுப்புரத்திலும் அரியலூரிலும் கன்னியாகுமரியிலும் எத்தனை மூளைகள் மாட்டுக் கொட்டகையிலேயே கிடந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

1953-ல் தோழர் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தை இந்த இடத்தில் ஞாபகப்படுத்தாமல் இருக்க முடியவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அவரவர் தகப்பன் தொழில் என்பது அதன் சாரம். சிரைப்பவன் மகன் சிரைக்கவும், வெளுப்பவன் மகன் வெளுக்கவும் பழக வேண்டும். படிப்பு வேண்டாமென்று சொல்லவில்லையாம், பாதி போதுமாம்! இயக்கத்தார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு ஊர் ஊராய்ப் போய்ச் சொன்னார்கள். 1954-ல் தோழர் காமராசர் முதல் மந்திரியானதும் அது குழியில் போயிற்று. அது நிலைத்திருக்குமேயானால் இன்று கோட்டையில் பதக்கம் கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். ஆகவே கோட்டையில் கொடுக்கப்படும் ஒவ்வொரு பதக்கத்திலும் ஒரு கிராமாவது அந்தப் போராட்டத்திற்குச் சேர வேண்டியது என்பது நமது கணக்கு.

நிற்க. காவேரிக்கு அக்கரையில் திருவானைக்காவல் இருக்கின்றது. ஜம்புகேசுவரர் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றார்கள். அந்த ஊரில்தான் 1888 நவம்பர் 7-ந் தேதி சி.வி. இராமன் பிறந்தார் என்பது அவர்களில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியுமோ என்னவோ. ஒளி ஒரு பொருளின் வழியே பாய்ந்து சிதறும்போது அதில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகின்றது என்றும், அந்த மாறுதல் அப்பொருள் இன்னதென்று காட்டிக்கொடுக்கும் என்றும் 1928-ல் கண்டார். 1929-ல் சர் பட்டம், 1930-ல் நோபல் பரிசு, 1954-ல் பாரத ரத்னா. அவர் கண்டது உலகத்துக்குச் சொந்தம். மருந்துக் கலப்படமும் வெடிமருந்தும் இன்று அந்த ஒளியைக் கொண்டே சோதிக்கப்படுகின்றன. அதில் நமக்குத் தகராறு இல்லை.

ஆனால் 1954-ல் முதன்முதல் பாரத ரத்னா கொடுத்தபோது மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். ராஜகோபாலாச்சாரியார், ராதாகிருஷ்ணன், இராமன். முப்பத்தைந்து கோடிக்கு மேல் ஜனத்தொகையுள்ள ஒரு தேசத்தில் முதல் மூன்று ரத்தினங்களும் ஒரே வருணத்திலேயே வெட்டியெடுக்கப்பட்டன என்பதைச் சொன்னால் நம்மை வகுப்பு துவேஷி என்பார்கள். அந்த மூன்று பேர் மீதும் நமக்குக் கோபமில்லை. மற்ற வருணத்தார் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்த ஒரு நாட்டில், உள்ளே விடப்பட்டவர்களில்தானே பொறுக்கியெடுக்க முடியும் என்றுதான் சொல்லுகின்றோம். விருது என்பது தராசு மாதிரி. தட்டில் வைக்கப்பட்டதை மாத்திரமே அது நிறுக்கும்.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் வருணத்தால் மாத்திரம் நிறுத்தப்படவில்லை. 1933-ல் பம்பாய் சர்வகலாசாலையில் பி.எஸ்ஸி. பட்டத்தில் முதலாவதாகத் தேறிய கமலா சொஹோனி என்னும் பெண், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தில் சேர மனுப் போட்டார். அங்கு டைரக்டராயிருந்தவர் நம் திருவானைக்காவல் இராமன். பெண் என்கின்ற காரணத்தால் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் லேசில் விடவில்லை. நேரில் போய்க் காரணம் கேட்டு நின்றார். கடைசியில், ஓர் ஆண்டு பரீட்சார்த்தமாக வைத்துப் பார்ப்பது, டைரக்டருக்குத் திருப்தி வந்த பிறகே அவர் வேலையை அங்கீகரிப்பது, ஆண்களின் கவனத்தைக் கெடுக்கக்கூடாது என்கிற நிபந்தனைகளின் மேல் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அதே பெண் 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் அவரும் ஒருவர். பெங்களூரில் அவருடைய வேலையைப் பார்த்த பிறகு இராமன் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தார் என்பதையும் நியாயத்திற்காகச் சொல்ல வேண்டும். ஒளி எப்படி வளையும் என்று தெரிந்த அறிவுக்கும் பெண்ணுக்கு மூளை உண்டு என்று தெரிவதற்கு ஒரு பெண் வாசலில் நின்று சண்டை போட வேண்டியிருந்தது.

அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் அன்னா மாணி ஒருவர். சென்னை மாகாணக் கல்லூரியில் படித்தவர். வைரத்தையும் மாணிக்கக் கல்லையும் ஒளியில் வைத்து ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் எழுதி, டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி நூலையும் எழுதி, சென்னை சர்வகலாசாலைக்கு அனுப்பினார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் சொல்லி டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. உள்ளே எழுதியிருந்தது சரியா தப்பா என்பது கேள்வியாக வரவில்லை, வாசற்படியில் சீட்டு இருந்ததா என்பதே கேள்வியாக இருந்தது. அவர் டாக்டர் பட்டம் இல்லாமலேயே வானிலை இலாகாவில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்து, டிப்டி டைரக்டர் ஜெனரல் வரைக்கும் போனார். வெயிலையும் காற்றையும் இந்நாட்டில் ஊர் ஊராக அளந்து கணக்கு எழுதி வைத்தவர்களில் அவர் முதன்மையானவர். இன்று காற்றாலையையும் சூரிய மின்சாரத்தையும் பற்றிப் பேசுகிற மந்திரிகள் எல்லாம் அந்தக் கணக்கின் மேல் நின்றுகொண்டுதான் பேசுகின்றார்கள்.

மத்திய சர்க்காரின் பட்நாகர் பரிசு 1958 முதல் கொடுக்கப்பட்டு வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட விஞ்ஞானிகளுக்கு. அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் ஐந்நூற்றுச் சில்லரை பேர் வாங்கினார்கள். அவர்களில் பெண்கள் ஏறக்குறைய இருபது பேர்தான். நூற்றுக்கு நான்கு! இருபத்தைந்து வயது முதல் நாற்பது வயது வரையில் பிள்ளை பெறுவது, பால் கொடுப்பது, மாமியாருக்கு மருந்து கொடுப்பது, புருஷனுக்குச் சோறு போடுவது ஆகிய எல்லா வேலையையும் பெண் தலையில் கட்டிவிட்டு, "நாற்பத்தைந்துக்குள் கண்டுபிடித்துக் காட்டு" என்று சொன்னால் யார் காட்டுவார்கள்? புருஷன்தான் காட்டுவான். 2024-ல் அந்தப் பரிசைப் புதுப் பெயரில் மாற்றி அமைத்து, 'விக்ஞான் ரத்னா', 'விக்ஞான் ஸ்ரீ', 'விக்ஞான் யுவா' என்று வைத்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயது வரம்பு 'யுவா'வோடு கூடவே வந்திருக்கின்றது. பெயர்கள் சமஸ்கிருதமாயின, வீட்டு வேலை பழையபடிதான் இருக்கின்றது.

இனித் தமிழ்நாட்டில் நடந்த ஒரு சம்பவத்திற்கு வருவோம். இதை நம் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 2006-ல் தமிழ்நாடு சர்க்கார் கல்பனா சாவ்லா விருது என்னும் விருதை ஒருவருக்குக் கொடுத்தது. அது வீரச் செயல் புரிந்த பெண்ணுக்குக் கொடுக்கும் விருது. 2003-ல் விண்கலம் சிதறியதில் இறந்த கல்பனா சாவ்லாவின் நினைவாக ஏற்பட்டது. மலை ஏறியவர், ஆற்றில் விழுந்தவரைக் காப்பாற்றியவர் என்று இப்படிப்பட்டவர்கள் வாங்குவது. அந்த ஆண்டு வாங்கியவர் வசந்தா கந்தசாமி. சென்னை ஐ.ஐ.டி.யில் கணித ஆசிரியை. அங்கு சமூகநீதிக்காக அவர் தனியாளாய் நின்று நடத்திய போராட்டத்திற்காக அந்த விருது. பதினேழு வருஷம் கழித்து 2023 ஆகஸ்டு 15-ல் அதே சர்க்கார் அதே கோட்டையில் அவருக்கு அப்துல் கலாம் விருதைக் கொடுத்தது. இது அவருடைய கல்விப் பணிக்காக. திராவிடர் கழகத் தலைவர் தோழர் கி. வீரமணிக்குத் தகைசால் தமிழர் விருது கொடுக்கப்பட்டதும் அதே மேடையில்தான் என்பதால் நம் தோழர்கள் பலருக்கு அந்த நாள் ஞாபகமிருக்கும்.

நாம் கேட்பது இதுதான். ஒரு பெண் கணக்குப் போடுவதற்கு வீர விருது எதற்காக வாங்க வேண்டியிருந்தது? மலை ஏறுகிறவளுக்கு மலை எதிரி. ஆற்றில் குதிக்கிறவளுக்கு வெள்ளம் எதிரி. கணக்கு ஆசிரியைக்கு எது எதிரி? இரண்டும் இரண்டும் நாலு என்பதில் ஜாதி இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் கட்டடத்துக்குள்தான் ஜாதி இருக்கின்றது. நூறு புத்தகத்துக்கு மேல் எழுதியிருக்கிற ஒருவர், தெளிவில்லாத விஷயங்களையும் கணக்கில் கொண்டுவரும் புதுக் கணிதத்தை எடுத்துக்கொண்டு தீண்டாமையைப் பற்றிப் பெரியார் சொன்ன கருத்துகளையே ஆராய்ந்து 2005-ல் புத்தகம் போட்ட ஒருவர், தம் வாழ்நாளில் எவ்வளவு பாகத்தை மனு எழுதுவதிலும் சண்டை போடுவதிலும் செலவழிக்க நேர்ந்திருக்கும்! அந்த நேரத்தில் எழுதியிருக்கக்கூடிய கணக்குகளுக்கு எந்த விருதைக் கொடுத்து ஈடு செய்வது? அவர் இரண்டு விருது வாங்கியது அவருக்குப் பெருமைதான். ஒரே ஆளுக்கு இரண்டு விருதும் தேவைப்பட்டது நாட்டுக்குப் பெருமையல்ல.

இந்த இடத்தில் சர்க்கார் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிடுகின்றோம். 2023 அக்டோபர் 2-ந் தேதி, தமிழ்நாட்டிலிருந்து போய் விண்வெளி ஸ்தாபனத்தில் பெரிய பொறுப்பு வகித்த ஒன்பது பேரை அழைத்து ஆளுக்கு 25 லட்ச ரூபாய் கொடுத்தார்கள். சிவன், மயில்சாமி அண்ணாதுரை, வனிதா, நிகர் ஷாஜி, வீரமுத்துவேல் முதலியவர்கள். அதோடு நில்லாமல் அவர்கள் பெயரால் எஞ்சினீயரிங் மேல்படிப்புப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க 10 கோடி ரூபாயை ஒதுக்கி வைப்பதாகவும் முதல் மந்திரி அறிவித்தார். பதக்கத்தோடு பள்ளிக்கூடத்துச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பதானால் பொன்மலைப் பெரியவருக்கும் ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கின்றோம்.

ஆனால் சாவியைக் கொடுத்த பின்பும் உள்ளே ஒரு கற்பூரத் தட்டு இருக்கின்றதே, அதை என்ன செய்வது? 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3 கிளம்பிற்று. அதற்கு முந்தின நாள் விஞ்ஞானிகள் சிலர் அதன் சிறு பொம்மை ஒன்றை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போய் வெங்கடாசலபதி முன்பாக வைத்து வந்தார்கள். 2019-ல் சந்திரயான்-2 கிளம்புமுன்னும் திருப்பதிக்குப் போனார்கள். அது செப்டம்பர் 7-ந் தேதி சந்திரனில் மோதி விழுந்துவிட்டது. வெங்கடாசலபதிக்கு அந்தத் தடவை காணிக்கை போதவில்லையா? அல்லது அடுத்த தடவை மனம் இரங்கினாரா?

அடுத்த தடவை என்ன நடந்ததென்றால், விழுந்ததற்குக் காரணம் என்ன என்று மனிதர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். எங்கே எந்தக் கணக்குப் பிசகினால் எப்படி விழும் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்கள். ஐந்து எஞ்சின்களில் நடு எஞ்சினை எடுத்துவிட்டார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளை அதிகமாக்கினார்கள். முன்பு அரை கிலோமீட்டர் சதுரத்துக்குள் இறங்கியாக வேண்டுமென்று இருந்ததை, 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் உள்ள இடத்தில் எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம் என்று விரித்தார்கள். கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்த புத்தியை மாற்றினார்கள். ஆகஸ்டு 23-ந் தேதி மெள்ள இறங்கிற்று. "நாம் தப்பு செய்தோம், எங்கே தப்பு செய்தோம்?" என்று கேட்கத் தெரிந்ததுதான் சந்திரனில் கால் வைத்தது. தப்பைத் தன்னிடம் தேடாமல் கிரகத்தினிடம் தேடுவது சோசியம்.

இது நாம் மட்டும் சொல்லும் அபிப்பிராயமல்ல. 2013 நவம்பரில் பாரத ரத்னா அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில், ராக்கெட் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோவது மூடநம்பிக்கை என்று விஞ்ஞானி சி.என்.ஆர். ராவ் வெளிப்படையாகச் சொன்னார். விருது வாங்கினவர் வாய் அடைத்துப் போகும் என்ற பெரியவர் சொல்லுக்கு இது ஒரு விதிவிலக்கு. தனி மனிதர் தன் வீட்டில் எதைக் கும்பிட்டாலும் நாம் போலீஸ்காரரை அனுப்பச் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தில் 1976-ல் சேர்த்த 51-அ பிரிவில், விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரித்தறியும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று எழுதி வைத்திருக்கிறார்களே, பொதுப் பணத்தில் செய்த ராக்கெட்டைப் பொம்மையாக்கிச் சாமிக்குக் காட்டுகிறவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்துமா பொருந்தாதா என்று மாத்திரம் கேட்கின்றோம். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்க்கும் மணப்பாறைப் பள்ளிக்கூடப் பையன் எதைக் கற்றுக்கொள்ளுவான்?

தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் விருதைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. தொழிற்சாலையில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவன், இயந்திரத்தில் ஒரு மாறுதல் செய்து ஆபத்தைக் குறைத்தாலோ வேலையை எளிதாக்கினாலோ அதற்கு மத்திய சர்க்கார் ஒரு பரிசு ஏற்படுத்தியிருக்கிறது. 1965-ல் ஏற்பட்டது. நல்ல ஏற்பாடு. திருவெறும்பூர் பாய்லர் ஆலைத் தொழிலாளர்களும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பெயர் என்ன தெரியுமா? 'விசுவகர்மா ராஷ்ட்ரீய புரஸ்கார்'! ஒரு வெல்டர் தன் கண்ணைச் சுட்டுக்கொண்டு, கையைச் சுட்டுக்கொண்டு, பத்து வருஷம் யோசித்து ஒரு உபாயம் கண்டுபிடிப்பான். பெயர் தேவலோகத்துத் தச்சனுக்குப் போகும். கரிகாலன் காலத்திலாவது பெயரைத் திருடினவன் ஒரு மனிதன், இப்போது இல்லாதவனே வந்து திருடிக்கொண்டு போகிறான். அதே பெயரில் 2023-ல் கைத்தொழிலாளர் கடன் திட்டம் ஒன்றும் வந்தது. பரம்பரையாகச் செய்துவரும் தொழிலுக்கு உதவி என்றார்கள். 1953 சமாசாரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறதென்று இங்கு பலரும் கண்டித்து, தமிழ்நாடு சர்க்காரும் அதை ஏற்காமல், ஜாதி பார்க்காத வேறொரு திட்டத்தை 2025-ல் கொண்டுவந்தது. அதை வரவேற்கின்றோம். ஆனால் அதே சர்க்காருக்கும் ஒரு வார்த்தை உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்து, மோட்டார் முதல் சவரக் கத்தி வரையில் தானே செய்துபார்த்த கோயமுத்தூர் ஜி.டி.யின் பெயரை 2025 அக்டோபரில் பத்து கிலோமீட்டர் பாலத்திற்கு வைத்தது சரி. ஜாதிப் பெயர்களைத் தெருக்களிலிருந்து எடுக்க உத்தரவு போட்ட அதே வாரத்தில், பெயர்ப் பலகையில் 'நாயுடு' என்பதையும் சேர்த்து எழுதினார்களே, அதுதான் சரியில்லை. ஜாதி வாலை விட்டுவிட வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்த இயக்கத்தாருக்கு இதைச் சொல்ல உரிமை இருக்கின்றது.

தென்னூருக்கே திரும்பி வருவோம். இந்த ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் செயின்ட் ஜோசப் கல்லூரி இருக்கின்றது. ராமேசுவரத்தில் பத்திரிகை போட்ட பையனாயிருந்த அப்துல் கலாம் 1950 முதல் 54 வரையில் அங்குதான் படித்தார், பௌதிகத்தில் பட்டம் பெற்றார். அவர் பெயரால் விருது கொடுக்கும் இதே நாட்டில்தான், மழை பெய்து சாக்கடை அடைத்துக்கொண்டால், மூடியைத் திறந்து உள்ளே மனிதனை இறக்குவது இன்னும் நின்றபாடில்லை. 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் ஒரு சட்டம், இரண்டும் போட்டாயிற்று. இறக்குவதும் நடக்கின்றது, விஷவாயு தாக்கிச் சாவதும் நடக்கின்றது. இறங்குகிறவன் எந்த ஜாதி என்று கேட்கவே வேண்டியதில்லை. நாற்பது லட்சம் கிலோமீட்டருக்கு ஒன்றரை மடங்கு தூரம் போகும் செவ்வாய்ப் பாதையைக் கணக்கிட்டு வெற்றி கண்ட தேசம் என்றால்கூடக் குறைத்துச் சொன்னதாகும், அது கோடிக்கணக்கான கிலோமீட்டர். இங்கே ஆழம் பதினைந்து அடி!

கருவி இல்லாமலும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலேயே, மலத்தொட்டிக்குள் மனிதன் இறங்காமல் சுழலும் தகடுகளை இறக்கிக் கெட்டியானதைக் கரைத்து உறிஞ்சி எடுக்கும் 'ஹோமோசெப்' என்னும் இயந்திரத்தைச் செய்து 2022 முதல் வெளியே கொடுத்து வருகிறார்கள். செய்தவர்கள் கையில் சேற்று நாற்றம் பட்டிருக்கும், கோட்டையில் போட்டோவுக்கு அழகாய் இருக்காதுதான். ஆனால் நம்மைக் கேட்டால், வருகிற ஆகஸ்டு 15-ல் பதக்கத்தை இப்படிப்பட்ட வேலைக்குக் கொடுக்க வேண்டும் என்றும், பதக்கத்தோடு அந்த இயந்திரத்தைத் திருச்சி, மதுரை, சேலம் முதலிய எல்லா நகரசபைகளும் வாங்குவதற்கு உத்தரவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லுவோம்.

ஆண்டுதோறும் இந்த விருதுக்கு விண்ணப்பங்கள் கேட்கப்படுகின்றன. பெரிய மனிதர்கள் பெயரைப் பெரிய மனிதர்கள் எழுதி அனுப்புகின்றார்கள். நம் கிளைக் கழகத்தார் என்ன செய்கின்றார்கள்? பாய்லர் ஆலையில் ஆபத்தில்லாத வழி கண்டவன், பொன்மலைப் பட்டறையில் புதுச் சாதனம் செய்தவன், கல்லூரியில் இருபது வருஷம் சோதனைச்சாலையிலேயே கழித்தும் பிரமோஷன் கிடைக்காத ஆசிரியை, மலத்தொட்டிக்கு இயந்திரம் செய்கிற எஞ்சினீயர் ஆகியவர்கள் பெயரைத் தென்னூர், ஸ்ரீரங்கம், திருவெறும்பூர் தோழர்கள் விசாரித்து எழுதியனுப்ப வேண்டும். பொன்மலைப் பெரியவர் தமக்குத் தெரிந்த நாலு பிட்டர்கள் பெயரைச் சொல்லுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார். படிவத்தை நிரப்புகிற வேலையை வாலிபர் எடுத்துக்கொண்டிருக்கின்றார்.